பன்றிக்குப் பெட்டியில் உள்ள படம் தெரியாது

கேள்வி: ஆஸ்டினில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன், எச்-1பி விசா. உடன் பணியாற்றும் நண்பர், லானோ பக்கத்தில் இருக்கும் தன் மாமனாரின் பண்ணைக்கு ஜனவரியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு அழைத்திருக்கிறார். 308 ரைஃபிளை அவரே தருகிறாராம். தோட்டாவை மட்டும் நான் வாங்கி வர வேண்டும். கடைக்குப் போனால், இருபது தோட்டா கொண்ட பெட்டி 20 டாலரிலிருந்து 60 டாலருக்கு மேல் வரை விதவிதமாகச் சுவர் நிறைய அடுக்கியிருக்கிறது. கடைக்காரர் பன்றிப் படம் போட்ட ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். அதைத்தான் வாங்க வேண்டுமா? கறியை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

பதில்: பன்றிப் படம் தேவையில்லை. அதே சுவரில் மான் படம் போட்டு, 150 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) என்றும் 'சாஃப்ட் பாயின்ட்' என்றும் அச்சிட்ட மலிவான பெட்டி இருக்கும். அது போதும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது தோட்டா அல்ல, 'எச்-1பி' என்ற சொல். கீழே அதைச் சொல்லி முடிக்கும்வரை எந்தப் பெட்டியையும் வாங்காதீர்கள். கடையில் கையில் எடுத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது; 308 என்பது அதன் அளவின் பெயர். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது நுனியில் இருக்கும் குண்டை மட்டும். சாஃப்ட் பாயின்ட் குண்டின் மேல் செம்பு உறை இருக்கும். நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் அந்த நுனி மழுங்கி விரிந்து, ஏறக்குறைய இரு மடங்கு அகலமாகி உள்ளே போகும். விலங்கு சீக்கிரம் விழுவதற்கு அந்த விரிவுதான் காரணம். ரெமிங்டனின் கோர்-லாக்ட், வின்செஸ்டரின் பவர்-பாயின்ட், ஃபெடரலின் பவர்-ஷாக் எல்லாம் இந்த இனம்தான். மூன்றில் எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். நண்பரின் ரைஃபிளைக் கேளுங்கள். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

வாங்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, முழுவதும் உறை போட்ட பயிற்சிக் குண்டு. பெட்டியில் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' என்றிருக்கும். மலிவு என்று பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள். அது விரியாது, ஊசி போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். பன்றி புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். இரண்டாவது, சிறு பிராணிகளுக்கென்று செய்த, பட்டவுடன் நொறுங்கும் குண்டு. வயதான ஆண் பன்றியின் தோள்பட்டைமேல் கெட்டியான நார்த்தசைக் கேடயம் ஒன்று உண்டு. நொறுங்கும் குண்டு அதிலேயே பொடியாகிவிடும். அந்தக் கேடயத்தைக் காட்டித்தான் விலையுயர்ந்த 'பன்றி ஸ்பெஷல்' பெட்டிகளை விற்கிறார்கள். கேடயம் இருப்பது உண்மை. ஆனால் பன்றியை வரவழைக்க வைக்கும் தீவனப் பெட்டியிலிருந்து எழுபது, எண்பது கெஜத்தில் உட்கார்ந்து 308-இல் சுடுபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல; சாதாரண 150 கிரெயின் குண்டு அதைத் துளைத்துப் போய்விடும். 223 போன்ற சிறிய தோட்டாவாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். உங்களுடையது 308, கவலையை விடுங்கள்.

'பன்றி ஸ்பெஷல்' வாங்காமல் மிச்சமாகும் பணத்தை வைத்து இரண்டு, மூன்று விதச் சாதாரணப் பெட்டிகளில் ஒவ்வொன்று வாங்குங்கள். நண்பருடன் சுடுதளத்துக்குப் போய், நூறு கெஜத்தில் ஒவ்வொரு விதத்திலும் மும்மூன்று சுடுங்கள். ஒரே மாதிரி, ஒரே எடை என்று அச்சிட்டிருந்தாலும் ஒரு ரைஃபிள் ஒரு கம்பெனியின் தோட்டாவை இரண்டு அங்குலத்துக்குள் சேர்த்துப் போடும், இன்னொன்றை ஐந்து அங்குலத்துக்குச் சிதறடிக்கும். ஏன் என்று துப்பாக்கிக்குத்தான் தெரியும். நன்றாகச் சேர்த்துப் போட்டதை எடுத்துக்கொண்டு, ரைஃபிளின் மேலுள்ள தொலைநோக்கியை அதற்கேற்பத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பிறகு வேட்டைக்கு முதல் நாள் 'வேறு பிராண்டு மலிவாகக் கிடைத்தது' என்று மாற்றாதீர்கள்.

எங்கே சுடுவது என்பதுதான் தோட்டாவைவிட முக்கியம். மானுக்குச் சொல்லிக்கொடுக்கும் 'தோளுக்குச் சற்றுப் பின்னால்' என்ற பாடம் பன்றிக்குப் பொருந்தாது. பன்றியின் இதயமும் நுரையீரலும் முன்னால் தள்ளி, தாழ்வாக, முன்னங்கால்களுக்கு இடையில் இருக்கின்றன. பின்னால் சுட்டால் குடல்தான் கிழியும். முதுகில் சிலிர்த்து நிற்கும் மயிர் உடம்பை உயரமாகக் காட்டுவதால் புதியவர்கள் மேலேதான் சுடுவார்கள். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலை ஒட்டியே கண்ணை மேலே கொண்டுபோங்கள். உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்திச் சுடுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் வாங்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. துப்பாக்கிக் கண்காட்சிகளில் மேசை போட்டு, பிளாஸ்டிக் பையில் நூறு தோட்டா பாதி விலைக்கு விற்பார்கள். வீட்டில் மருந்து அடைத்தவை. 308 தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கியின் அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறும். அந்த இரும்புக்குப் பின்னால் ஓர் அடிக்குள் உங்கள் கண் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே எத்தனை கிரெயின் மருந்து போட்டாரோ யாருக்குத் தெரியும்? தன் துப்பாக்கிக்குத் தானே நிதானமாக அடைத்துக்கொள்பவர்களைக் குறை சொல்லவில்லை. பையில் போட்டு விற்பவரைத்தான் சொல்கிறேன். அதேபோல இணையத்தில் திடீரென முளைக்கும் தள்ளுபடிக் கடைகள்: 2020-இல் தட்டுப்பாடு வந்தபோது பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போன தளங்கள் எத்தனையோ. கடைக்கே போய், சீல் பிரிக்காத பெட்டி வாங்குங்கள். குழலில் பொறித்திருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர் 223-உம் இன்னொருவர் 300 பிளாக்அவுட் என்ற வேறு அளவும் வைத்திருந்தால் இரண்டு பெட்டியும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. 300 பிளாக்அவுட் தோட்டா சில சமயம் 223-இன் அறைக்குள் நுழைந்துவிடும். சுட்டால் துப்பாக்கி வெடித்துவிடும்.

இப்போது விசாவுக்கு வருகிறேன். குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நீங்கள் போக முடியாது.

எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. விலைக்கு வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை; இரவல் வாங்கினாலும், சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்தாலும் வைத்திருப்பதுதான். நண்பர் தெரிந்தே கொடுத்தால் அவருக்கும் குற்றம். 2022-க்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு விசாத் தகுதியை இழந்த ஒரு வெளிநாட்டு மாணவர், ஃபுளோரிடாவில் ஒரு சுடுதளத்தில் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார். 18 மாதச் சிறை கிடைத்தது. தன் தகுதி போய்விட்டது அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. உங்களுக்கோ உங்கள் விசா என்னவென்று நன்றாகத் தெரியும்.

இந்தத் தடைக்கு ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை பொருந்தாது. அதாவது உங்களுக்கு வேட்டை உரிமம் என்பது வேட்டையாடுவதற்கான அனுமதி மட்டும் அல்ல. துப்பாக்கியைத் தொடுவதற்கான அனுமதியே அதுதான்.

டெக்சாஸ் இதில் ஒரு கண்ணி வைத்திருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல், நில உரிமையாளரின் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுடுவதற்கு உரிமமே வேண்டாம் என்று மாநிலம் சொல்லிவிட்டது. 26 லட்சத்துக்கு மேல் பன்றிகள் இருப்பதாக மதிப்பிடும் மாநிலம் வேறு என்ன சொல்லும்? பருவமும் இல்லை, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை, ஹெலிகாப்டரிலிருந்துகூடச் சுடலாம். ஆகவே உங்கள் நண்பரும், கடைக்காரரும், 'உரிமம் வேண்டாம், துப்பாக்கி நாங்களே தருகிறோம், சாப்பாடும் சேர்த்து ஒரே விலை' என்று நம் ஆட்கள் குழுக்களுக்கு வார இறுதிப் பயணம் விற்பவர்களும் ஒரே குரலில் 'உரிமம் தேவையில்லை' என்பார்கள். மாநிலச் சட்டப்படி அவர்கள் சொல்வது பொய் அல்ல. உங்களுக்கு மட்டும் அது படுகுழி. பயணம் விற்பவர் உங்கள் விசாவைக் கேட்க மாட்டார். கேட்டால் பாதிக் கூட்டம் குறைந்துவிடும். மாநிலத்தின் இணையப் பக்கத்தில் கூட்டாட்சிச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி போட்டால் குடியா முழுகிவிடும்? போட மாட்டார்கள், அது அவர்கள் துறை இல்லையாம்.

தேவையில்லை என்று எல்லோரும் சொல்லும் அந்த உரிமத்தை நீங்கள் வாங்குங்கள். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் டெக்சாஸில் குடியிருப்பவருக்கு அது 25 டாலர். விசா எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்குக்கு நீங்கள் டெக்சாஸ்காரர்தான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் வேட்டைக் கல்விச் சான்றிதழும் பெற வேண்டும். பதினேழு வயது நிரம்பியவர் இணையத்திலேயே முடித்துவிடலாம். மனைவியும் சுட்டுப் பார்க்க விரும்பினால் அவருக்குத் தனி உரிமம் வேண்டும். உங்களுடையது அவருக்கு உதவாது. உரிமம் கைக்கு வந்த பிறகு தோட்டா வாங்குங்கள், அதன் பிறகு சுடுதளம், அதன் பிறகு பண்ணை. இந்த வரிசை மாறக் கூடாது. மூன்று இடத்திலும் உரிமம் சட்டைப் பையில் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. டெக்சாஸ் உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்டு 31-இல் முடிந்துவிடும். ஜனவரியில் வாங்கியவர் ஓராண்டு இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். வேட்டை முடிந்து மிச்சம் எட்டுத் தோட்டா அலமாரியில் கிடக்கிறது. செப்டம்பர் 1 காலையில் உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருக்கும் விசாக்காரர் ஆகிவிடுகிறார். எந்த அலுவலகமும் நினைவூட்டிக் கடிதம் போடாது. மிச்சத் தோட்டாக்களை வேட்டையன்றே ரைஃபிளோடு சேர்த்து நண்பரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே உரிமம் இல்லாமல் சுடுதளத்துக்குப் போனவர்கள் எனக்கு எழுத வேண்டாம், சமூக ஊடகத்தில் போட்ட படத்தை வைத்து யோசனை கேட்கவும் வேண்டாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் நேரில் போங்கள்.

கறியைத் தாராளமாகக் கொண்டுவரலாம். அறுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். காட்டுப்பன்றிகளிடம் புருசெல்லா கிருமி உண்டு, கையில் சிறு கீறல் இருந்தாலும் தொற்றும். குண்டு போன வழியைச் சுற்றி நான்கு விரல் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத் துணுக்குகள் அங்கேதான் அதிகம் இருக்கும். கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை வேகட்டும். பெட்டைப் பன்றி, குட்டி என்றால் மிளகு வறுவலுக்கு அருமையாக இருக்கும். முதிர்ந்த ஆண் பன்றியானால் எந்த மசாலாவுக்கும் அடங்காத வாடை அடிக்கும். அதை மாமனாரின் பண்ணையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.