எந்தக் கரை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் காரைக்கால்காரி. அண்ணன் குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது. தாத்தா எழுதிவைத்த நோட்டை அண்ணன் பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சில் பெயர்க்கிறேன். முதலில் ஆங்கிலமாக்கிக்கொண்டு, பிறகு அகராதி பார்த்துப் பிரெஞ்சுக்குப் போகிறேன். ‘அரசலாற்றங்கரையில் எங்கள் வீடு’ என்ற முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஆங்கில ‘பேங்க்’ என்ற ஒரே சொல்லுக்குப் பிரெஞ்சில் எத்தனையோ சொற்கள் போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வரிக்கு ‘ரீவ்’. ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்கிறோமே, அந்தக் கரை. பாரிஸில் ஸேன் நதிக்கு இடது ரீவ், வலது ரீவ் உண்டு. நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று இடம் வலம் சொல்வது அவர்கள் வழக்கம். அங்கே இடது கரை தெற்கில் இருக்கிறது. நம் ஆறுகள் கிழக்கே கடலுக்குப் போவதால் நமக்கு இடக்கைப் பக்கம் வடக்கு. நாம் திசையாலேயே பெயர் வைத்துவிட்டோம். சோழநாட்டுத் தேவாரத் தலங்களைக்கூட காவிரி வடகரை 63, தென்கரை 127 என்றுதான் எண்ணுகிறோம். தாத்தா ‘தென்கரை’ என்று எழுதியிருந்தால் தெற்கு ரீவ் என்றே போடுங்கள், வலதுகரை ஆக்கிவிடாதீர்கள்.

ஆனால் நோட்டு நெடுக ரீவ் போதாது. டெல்டாக்காரர் ‘கரை’ என்னும்போது பல சமயம் மனதில் இருப்பது மண் கொட்டி உயர்த்திய கரை. ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் அது உடைத்துக்கொள்ளாமல் இருக்க மூங்கிலும் வைக்கோலும் மணல்மூட்டையுமாக ஆட்கள் ராக்காவல் கிடப்பார்கள். அதற்கு ‘தீக்’. நீர் அரித்துச் சரியும் மண்விளிம்பு என்றால் ‘பெர்ஜ்’. கோடையில் நடு ஆற்றில் தலைகாட்டும் மணல்திட்டு ‘பாங்’. மீன்கூட்டத்துக்கும் உட்காரும் பெஞ்சுக்கும் அதே சொல்தான். கடைசியில் ‘க்’ ஒலித்து ‘பாங்க்’ என்றால் பணம் போடும் இடம்.

பெஞ்சுக்கும் பணத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இத்தாலியில் நாணயம் மாற்றுகிறவர்கள் முன்னால் போட்டிருந்த பலகையின் பெயரே அந்தத் தொழிலுக்கு ஆகிவந்தது. யாழ்ப்பாணத்தார் பெஞ்சை ‘வாங்கு’ என்கிறார்களே, போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த அதுவும் இதே குடும்பம். ஆங்கிலத்தின் ஆற்றங்கரைக்கும் மூலம் இந்த வேர்தான்.

நீங்கள் ஆங்கிலத்தை நடுவில் நிறுத்துவதுதான் எனக்கு வருத்தம். தாத்தா தனித்தனியாகப் பார்த்து எழுதிய கரையும் திட்டும் அங்கே ஒரே சொல்லாகிவிடுகின்றன. பிறகு அகராதியைப் புரட்டி நீங்களே மறுபடி பிரிக்க வேண்டியிருக்கிறது. தமிழிலிருந்து நேரே போங்கள்.

‘படுகை’ வந்தால் பெயர்க்கவே வேண்டாம். பிரெஞ்சு எழுத்தில் படுகை என்றே எழுதி, உயர்ந்த கரைக்கும் ஓடுகிற நீருக்கும் நடுவே வாழையும் மூங்கிலும் வளரும் வண்டல் நிலம் என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள். பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. மிராசு ஊர்களில் நிலப்பங்கையும் கரை என்பார்கள். ‘எங்களுக்கு இரண்டு கரை’ என்று ஒரு வரி வந்தால் அங்கே ஆறே கிடையாது. பங்கு என்ற பொருளில் ‘பார்’ என்று எழுத வேண்டும். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கரையும் எந்தக் கரை என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு பெயர்க்கத் தொடங்குங்கள்.