மாயன் ஊர்களும் தண்ணீரும் – கடிதம்

வணக்கம் சார்,

டிசம்பர் விடுமுறையில் கால்வெஸ்டனிலிருந்து ஏழு நாள் கப்பல் பயணம் போகிறோம். கோசுமெல், பெலிஸ் சிட்டி, கோஸ்டா மாயா என்று மூன்று நிறுத்தங்கள். நான், கணவர், பத்து வயது மகன், ராமநாதபுரத்திலிருந்து வந்திருக்கும் அம்மா (68 வயது, முட்டிவலி உண்டு). மூன்று நாளும் இடிபாடு என்றால் பையன் ஒத்துக்கொள்ள மாட்டான். ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும். எனக்கு மெக்சிகோவிலுள்ள மாயன் நகரமான சிச்சென் இட்சாவைப் பார்க்க ஆசை. உலக அதிசயத்துக்குப் பக்கத்தில் போய்விட்டுப் பார்க்காமல் வருவதா? கோசுமெலில் காலை எட்டு மணிக்கு நின்று மாலை ஐந்துக்குக் கப்பல் கிளம்புகிறது. போய்வர முடியுமா? எந்த ஊரில் பிரமிடு மேல் ஏற விடுகிறார்கள்? மாயன்கள் நம் மாமுனி மயனின் வழிவந்தவர்கள் என்கிறார் என் கணவர். உண்மையா? அம்மாவுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை. யூடியூபில் பார்த்துவிட்டு, “ஆறே இல்லாத ஊராமே, தண்ணிக்கு என்ன செஞ்சாங்க?” என்று மட்டும் கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ச., ஹூஸ்டன்

அன்புள்ள ச.,

சிரித்திருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில் உருப்படியானது அம்மா கேட்டதுதான். சில மாதங்களாக நானும் அதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். மற்றவற்றை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

சிச்சென் இட்சா முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கோசுமெல் ஒரு தீவு. எட்டு மணிக்குக் கப்பல் கட்டினால் நீங்கள் நால்வரும் இறங்கி ஃபெர்ரித் துறைக்கு வரும்போது ஒன்பது ஆகிவிடும். பிளாயா டெல் கார்மெனுக்கு ஃபெர்ரி முக்கால் மணி நேரம். அங்கிருந்து சாலையில் இரண்டரை மணி நேரம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே பன்னிரண்டேகால். ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு நாலரைக்குள் ஏறியாக வேண்டும். அதே வழியில் திரும்ப, ஃபெர்ரிக்குக் காத்திருப்பதையும் சேர்த்து, நான்கு மணி நேரம். ஆக, பன்னிரண்டரைக்குப் புறப்பட வேண்டும். கால் மணி நேரம் பார்க்கலாம், டிக்கெட் வரிசை இல்லை என்றால்.

இதில் நேரக் குழப்பம் வேறு. கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் தனி நேரம் வைத்திருக்கிறது. சிச்சென் இட்சா இருக்கும் யுகடான் மாநிலம் அதைவிட ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாக மாறி, பன்னிரண்டரையைப் பதினொன்றரை என்று காட்டும். அதை நம்பி இன்னொரு சுற்று சுற்றினால் கப்பல் போய்விடும். கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். நீங்களாக வண்டி பிடித்துப் போனால் காத்திருக்க மாட்டார்கள். எங்கே போனாலும் சரி, கப்பல் நேரம் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று யார் கையிலாவது இருக்கட்டும். டிசம்பரில் வடக்குக் காற்று பலமாக வீசினால் துறைமுகத்தை மூடி ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உலக அதிசயம் என்று நீங்கள் சொல்வது 2007இல் ஒரு தனியார் அமைப்பு நடத்திய வாக்கெடுப்பின் முடிவு. யுனெஸ்கோ அதிலிருந்து விலகியே நின்றது. ஒரு ஓட்டுப்பெட்டிக்காக 68 வயது அம்மாவை ஏழெட்டு மணி நேரம் ஃபெர்ரியிலும் பேருந்திலும் உட்காரவைப்பீர்களா?

மயன் விஷயம். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைச் செய்த கணபதி ஸ்தபதி 1990களில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார். கல்லை அறிந்தவர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மாயன் எழுத்தை இப்போது பெரும்பாலும் படித்துவிட்டார்கள். கட்டிய அரசர்களின் பெயர், பட்டமேற்ற நாள், யாரிடம் தோற்றார்கள் என்பதெல்லாம் கல்லிலேயே இருக்கிறது. அவர்களுடைய வம்சம் அழிந்துவிடவும் இல்லை. மெக்சிகோவில் மட்டும் யுகடெக் மாயா மொழியை ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் பேசுகிறார்கள். உங்கள் வண்டி ஓட்டுநரே அப்படிப்பட்டவராக இருக்கலாம். அவரிடம் போய் “நீங்கள் எங்கள் ஆள்” என்று உங்கள் கணவர் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மாவின் கேள்வி.

யுகடான் தீபகற்பத்தின் வடபகுதி முழுவதும் சுண்ணாம்புக் கல் தட்டு. மழை இல்லாத ஊர் அல்ல. ஜூன் முதல் அக்டோபர் வரை கொட்டித் தீர்க்கும். ஆனால் பெய்த நீர் மேலே ஓடாமல் கல்லின் இடுக்குகளில் இறங்கிவிடுகிறது. ஆறு இல்லை, ஓடை இல்லை. நவம்பருக்குப் பிறகு மே வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ராமநாதபுரத்துக்காரருக்கு இது உடனே புரியும். கண்மாய் நிறைந்த வருடமும் நிறையாத வருடமும் அவருக்குத் தெரியாதா?

இந்த நிலத்தில் தண்ணீர் கிடைக்கும் முதல் வழி செனோட்டே. நிலத்தடிக் குகையின் கூரை இடிந்து விழுந்து, உள்ளே இருக்கும் நீர் வெளியே தெரியும் பள்ளம் அது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்ஷுலூபில் விண்கல் மோதி உண்டான பெருங்குழியின் விளிம்பையொட்டி இவை வளைவாக வரிசைகட்டி நிற்கின்றன. டைனோசர்களை முடித்த அதே மோதல்தான். உங்கள் பையனிடம் இதை முதலில் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு கேட்பான். சிச்சென் இட்சாவில் இரண்டு பெரிய செனோட்டேக்கள் உண்டு. ஒன்றில் காணிக்கை போட்டார்கள்: பொன், ஜேட் கல், மனிதர்கள். குடிநீருக்கு ஷ்டோலோக் என்ற இன்னொன்று. பயணிகள் எல்லோரும் முதலாவதைப் பார்க்க ஓடுகிறார்கள்.

செனோட்டே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு ஊஷ்மால் என்ற மாயன் நகரத்தின் மேல் பித்து. உங்கள் கப்பல் அந்தப் பக்கம் போகாது. புரோகிரெசோவில் நிற்கும் கப்பலில் போனால்தான் அதைப் பார்க்க முடியும். இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் குன்றுப் பகுதியில் நிலத்தடி நீர் அறுபது மீட்டருக்கும் கீழே. இரும்பில்லாமல் கிணறு தோண்டும் ஆழமல்ல. ஆகவே மழையைப் பிடித்துச் சேமித்தார்கள். மேலே இருக்கும் கெட்டிக் கல் அடுக்கில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போடுவார்கள். அதற்குக் கீழே சாஸ்காப் என்ற மெதுவான வெள்ளைச் சுண்ணாம்பு மண் இருக்கும். அதைக் குடைந்து, கழுத்து குறுகி வயிறு அகன்ற ஜாடி வடிவில் அறை செய்வார்கள். உட்சுவர் முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். துளையைச் சுற்றி வட்டமாகத் தளம் போட்டு, அது துளையை நோக்கிச் சரியும்படி அமைப்பார்கள். வாய்க்கு ஒரு கல் மூடி. இதற்குச் சுல்தூன் என்று பெயர்.

இதில் எது கெடும் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். மரவேர் இறங்கினாலோ பூச்சில் கீறல் விழுந்தாலோ, அந்தச் சாஸ்காப் மண் நீரைக் குடித்துவிடும். மழையோடு வரும் மண்ணும் சருகும் அடியில் தேங்கினால் கொள்ளளவு குறையும், நாற்றமும் வரும். ஆகவே ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் யாராவது உள்ளே இறங்கிச் சுத்தம் செய்து பூச்சைச் சரிபார்த்தாக வேண்டும். வீட்டுக்கு வீடு இது நடந்தால்தான் ஊர் பிழைக்கும். இதற்குமேல், இயற்கைப் பள்ளங்களைக் களிமண்ணால் மெழுகிக் குளமாக்கினார்கள். அதற்கு அகுவாடா என்று பெயர். இவ்வளவு பாடுபட்டும் மழை தவறினால் அடுத்த வழி கிடையாது. ஊஷ்மால் சுவர்களில் மழைத் தெய்வம் சாக்கின் முகத்தை, வளைந்த நீள மூக்கோடு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏன் அத்தனை அடுக்கினார்கள் என்று வழிகாட்டிகள் கதை கதையாகச் சொல்வார்கள். முற்றத்திலுள்ள ஒரு சுல்தூன் வாயில் எட்டிப் பார்த்துவிட்டு அந்தச் சுவரைப் பாருங்கள், போதும்.

மழை தவறவும் செய்தது. சிச்சன்கனாப் என்ற ஏரியின் அடிச்சேற்றைத் துளையிட்டு எடுத்து ஆராய்ந்தவர்கள் 1995இல் முடிவை வெளியிட்டார்கள். ஏரி வற்றும்போது ஜிப்சம் படியும். கி.பி. 800க்கும் 1000க்கும் இடையிலான அடுக்கில் அது குவிந்திருந்தது. தெற்கிலும் நடுவிலும் பெரிய நகரங்கள் காலியான காலத்தோடு அது ஒட்டிப்போகிறது. வறட்சி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, போரும் உண்டு. ஆனால் “மர்மமாக மறைந்த நாகரிகம்” என்று கப்பல் துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள்.

குவாத்தமாலாவிலுள்ள டிக்கால் நகரத்தில் இன்னொரு விதம். முற்றங்கள் எல்லாம் சாந்துத் தளம். மழைநீர் வழிந்து நீர்த்தேக்கத்துக்குப் போகும்படி அவை லேசாகச் சரிந்திருக்கும். அழகுக்குக் கட்டிய முற்றம் என்று நாம் நினைப்பது அவர்களுக்கு நீர்ப்பிடிப்புப் பரப்பு. அங்கே ஒரு தேக்கத்தில் ஜியோலைட் என்ற கனிமத்தாலும் குவார்ட்ஸ் மணலாலும் நீரை வடிகட்டியிருக்கிறார்கள் என்று 2020இல் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, அரண்மனையை ஒட்டிய தேக்கங்களின் சேற்றில் பாதரசம் கலந்திருந்ததைக் காட்டியது. கட்டடங்களுக்குப் பூசிய சிவப்பு வண்ணம், அதாவது சின்னபார், மழையில் அடித்துவரப்பட்டுக் குடிநீரில் இறங்கியிருக்கிறது. அரசனும் அதையேதான் குடித்திருப்பான்.

சரி, உங்கள் ஒரு நாளுக்கு வருவோம். அதைப் பெலிஸுக்கு வையுங்கள்.

என் தேர்வு லாமனாய். உள்நாட்டு நகரங்கள் ஒவ்வொன்றாகக் காலியானபோது இது காலியாகவில்லை. ஸ்பானியர் வந்து தேவாலயம் கட்டிய காலம் வரை மக்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். நியூ ரிவர் விரிந்து ஏரியாகும் கரையில் ஊர் இருக்கிறது, தண்ணீர் வற்றவில்லை. அம்மாவின் கேள்விக்கு இதைவிட நல்ல விடை எந்த ஊரிலும் இல்லை. போகும் வழியும் தண்ணீர்தான்: பெலிஸ் சிட்டியிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல், பிறகு ஆற்றில் விசைப்படகில் இன்னொரு மணி நேரத்துக்கு மேல். முதலை, பறவை, தொங்கிக்கொண்டிருக்கும் சிறு வௌவால்கள் என்று பையனுக்குப் பொழுது போகும். கரையேறினால் நிழலான காட்டுப் பாதை, வேர்கள் தடுக்கும், கொசு உண்டு. முகமூடிக் கோயிலில் ஆள் உயரத்தின் இரு மடங்கு முகங்கள்.

அம்மாவுக்கு வலி முட்டியில் மட்டும் என்றால் படகு நல்லது, உட்கார்ந்தே போகலாம். முதுகிலும் வலி என்றால் கூடாது. படகு வேகமாகப் போகும்போது இருக்கை தூக்கிப் போடும். பின் வரிசையில் உட்காரவையுங்கள், அங்கே குலுக்கல் குறைவு.

நேரம் போதாவிட்டால் அல்துன் ஹா. ஒரு மணி நேர வண்டிப் பயணம், சமதளமான இரண்டு புல்வெளி முற்றங்கள். 4.42 கிலோ எடையுள்ள சூரியத் தெய்வத்தின் ஜேட் தலை 1968இல் இங்கே கிடைத்தது. எல்லோரும் 16 மீட்டர் கோயிலில் ஏறி இறங்கிவிட்டு வண்டிக்குத் திரும்புவார்கள். நீங்கள் பின்னால் காட்டுக்குள் இருக்கும் குளத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடியில் மஞ்சள் களிமண் போட்டு வெட்டிய குளம்.

ஏறுவது பற்றிக் கேட்டீர்கள். சிச்சென் இட்சாவிலும் துலூமிலும் விடுவதில்லை, பெலிஸில் விடுகிறார்கள். இறங்குவது பற்றி யாரும் கேட்பதில்லை. படி உயரம், மிதிக்கும் இடம் குறுகல், மழையில் சுண்ணாம்புக் கல் வழுக்கும். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, குறுக்கே சாய்வாக இறங்க வேண்டும். அம்மா கீழே நிழலில் இருக்கட்டும். அவரோடு யாராவது ஒருவர் இருங்கள்.

கோசுமெலில் நேரம் மிஞ்சினால் தீவுக்குள்ளேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது; சிறியது, ஃபெர்ரி வேண்டாம். கோஸ்டா மாயாவில் பையன் கடலில் விளையாடட்டும்.

பதிவு செய்வதற்கு முன் ஒன்று. பெலிஸ் கரையில் ஆழமில்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும், சிறு டெண்டர் படகில்தான் இறக்குவார்கள். அதற்கு ஏறக்குறைய இருபது நிமிடம். ஆகவே உங்கள் கெடு கப்பல் கிளம்பும் நேரமல்ல, கடைசி டெண்டர் கரையை விடும் நேரம். அதைக் கப்பல்காரர்களிடம் கேளுங்கள். முதல் டெண்டருக்கும் கடைசி டெண்டருக்கும் நடுவே எட்டு மணி நேரம் இருந்தால் லாமனாய், குறைந்தால் அல்துன் ஹா.

அம்மாவுக்கு என் வணக்கம்.