நடுக்களத் தடுப்பாளர் விலகிய பின் அணி தடுமாறுவது ஏன்? அந்த இடத்தை எப்படி நிரப்புவது?

கேள்வி: நான் ஓர் அமெச்சூர் கால்பந்து அணிக்குப் பயிற்சியளித்து வருகிறேன். பின்கள வரிசைக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதல்களை முறித்துக்கொண்டிருந்த எங்கள் நடுக்கள வீரர் இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் வேறு அணிக்குச் சென்றுவிட்டார். கோல்கீப்பரும் பின்கள வீரர்கள் நால்வரும் மாறவில்லை. ஆனாலும் ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு, மூன்று கோல்கள் வாங்குகிறோம். நாங்கள் தாக்கிக்கொண்டிருக்கும்போது பந்து பறிபோய், அதிலிருந்து கிளம்பும் எதிர்த்தாக்குதலில்தான் பெரும்பாலான கோல்கள் விழுகின்றன. அணியிலேயே உடல்வலு மிகுந்த ஒருவரை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். மஞ்சள் அட்டைகள்தான் மிஞ்சின. அதே வகை வீரர் ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டுமா, அல்லது ஆட்ட அமைப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் ஆட்ட அமைப்பைச் சரிசெய்யுங்கள்; வெளியாள் தேடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்திலேயே இதற்கான காரணம் இருக்கிறது. பின்கள நால்வரும் கோல்கீப்பரும் அதே ஆட்கள் என்றால், அவர்களுடைய திறமை ஒரு கோடையில் குறைந்துவிடவில்லை. முன்பு அவர்களை வந்தடையாத வகைத் தாக்குதல்கள் இப்போது வந்தடைகின்றன. அந்தத் தாக்குதல்களை வடிகட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர். ஆனால் அவர் செய்துவந்த வேலை ஒன்றல்ல, நான்கைந்து. அவற்றைப் பிரித்தறியாமல் ஓர் ஆளை மட்டும் அந்த இடத்தில் நிறுத்தினால், நீங்கள் ஏற்கெனவே கண்ட பலன்தான் மீண்டும் கிடைக்கும்.

இந்தச் சிக்கல் உலகின் மிகப் பெரிய அணிகளையும் விட்டுவைத்ததில்லை. 2003 கோடையில் ரியல் மாட்ரிட் அணி டேவிட் பெக்காமை வாங்கியது; அதே கோடையில், உங்கள் வீரரைப் போலவே பின்கள வரிசைக்கு முன்னால் ஆடிய கிளாட் மக்கலேலேயைச் செல்சி அணிக்கு விட்டுக்கொடுத்தது. முந்தைய பருவத்தில் 42 கோல்கள் மட்டுமே வாங்கி ஸ்பெயின் லீக்கை வென்றிருந்த அந்த அணி, 2003-04 பருவத்தில் 54 கோல்கள் வாங்கி, கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று, நான்காம் இடத்துக்குச் சரிந்தது. 2015-16 பருவத்தில் இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டி, அடுத்த கோடையில் அதே வகை வீரரான என்கோலோ கான்டேயைச் செல்சியிடம் இழந்த பிறகு 12ஆம் இடத்தில் முடித்தது. அந்த அணி வாங்கிய கோல்கள் 36இலிருந்து 63ஆக உயர்ந்தன. 2024 செப்டம்பரில் அந்த இடத்தில் ஆடிய ரோட்ரி முழங்கால் காயத்தால் விலகிய பின், மான்செஸ்டர் சிட்டி அந்த இலையுதிர்காலத்தில் எல்லாப் போட்டிகளையும் சேர்த்துத் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றது.

எண்களை அப்படியே ஒரே மனிதரின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமாகாது. மாட்ரிட்டில் அதே கோடையில் பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கேயும் அனுப்பப்பட்டார். லெஸ்டர் அந்தப் பருவத்தில் சாம்பியன்ஸ் லீக் சுமையையும் சேர்த்துச் சுமந்தது. சிட்டியில் வேறு காயங்களும் இருந்தன. ஆனாலும் இந்த இடம் காலியானால் கோல்கள் விழும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும்: பின்கள வரிசைக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் எதிரணி வீரர் பந்தைப் பெற்று, திரும்பி, கோல் முகத்தைப் பார்த்தபடி ஓடிவருகிறார், பின்கள வீரர் முன்னேறிச் சென்று தடுப்பதா, பின்வாங்கி நிற்பதா என்று தீர்மானிக்க முடியாமல் தவிக்கிறார்.

ஆகவே, வேறு எதையும் செய்வதற்கு முன், இந்தப் பருவத்தில் வாங்கிய கோல்கள் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து ஆராயுங்கள். காணொலி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீரர்களின் நினைவைக் கொண்டே செய்யலாம். கோல் விழுந்த கணத்திலிருந்து தொடங்காதீர்கள். அதற்குப் பத்துப் பதினைந்து வினாடிகளுக்கு முன், பந்து நம்மிடம் இருந்தபோது யார் யார் எங்கே நின்றார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பந்து பறிபோன இடம், அந்தக் கணத்தில் பந்துக்குப் பின்னால் இருந்த நம் வீரர்களின் எண்ணிக்கை, மைதானத்தின் நடுப்பகுதியில் நின்றவர் யார் என்ற மூன்று விவரங்களையும் ஒவ்வொரு கோலுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால், பெரும்பாலான கோல்களில் இரண்டு ஃபுல் பேக்குகளும் (பின்வரிசையின் இரு ஓரங்களிலும் ஆடுபவர்கள்) ஒரே நேரத்தில் மேலே போயிருப்பார்கள், நடுப்பகுதி காலியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால், போனவர் இத்தனை காலமும் இரண்டு ஃபுல் பேக்குகளுக்கும் மேலே போக ஓர் உரிமத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் உரிமம் காலாவதியாகிவிட்டது. ஆனால் ஃபுல் பேக்குகளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி இருக்கிறது. இத்தகைய வீரரைப் பற்றிப் பேசும்போது பார்வையாளர்கள் அவருடைய டேக்கிள்களையே, அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதையே, நினைவுகூர்கிறார்கள். டேக்கிள் என்பது அவருடைய வேலையின் கடைசிக் கட்டம். பெரும்பாலான நேரங்களில் அது தேவைப்படாமல் இருப்பதே அவர் வேலையைச் சரியாகச் செய்ததற்கான அடையாளம். நம் அணி தாக்கும்போது, பந்து பறிபோனால் எதிரணி முதலில் யாருக்குக் கொடுக்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அந்த ஆளுக்கு இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் போய் நின்றுகொள்கிறார். கொடுக்க வழியில்லாமல் எதிரணி பந்தைப் பக்கவாட்டிலோ பின்னாலோ தள்ளுகிறது. இந்த நிகழ்வை வழக்கமான புள்ளிவிவரப் பட்டியல்கள் பதிவு செய்வதில்லை. நீங்கள் நிறுத்திப் பார்த்த உடல்வலு மிக்க வீரர், நான் ஊகிப்பது சரியென்றால், பந்து போன பிறகு அதைத் துரத்திச் சென்றிருப்பார். தாமதமாகச் சென்றடைந்தவருக்கு ஃபவுலைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. நம்பிக்கையளிக்கும் ஒரு தாக்குதலை ஃபவுல் செய்து நிறுத்தினால் மஞ்சள் அட்டை என்பதே விதி. 20ஆம் நிமிடத்தில் அட்டை வாங்கிய தடுப்பாளர் மீதமுள்ள 70 நிமிடங்களும் பாதி ஆளாகவே ஆட வேண்டியிருக்கும். குறை அவருடைய துணிவிலோ உழைப்பிலோ இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட அறிவுரையில் இருக்கிறது.

உயரமும் எடையும் இந்தப் பணிக்கு முதன்மையான தகுதிகள் அல்ல. மக்கலேலேயும் கான்டேயும் குட்டையான வீரர்களே. 2013இல் பெப் கார்டியோலா பயர்ன் மியூனிக் அணிக்கு வந்தபோது நடுக்களத்தின் அடிப்பகுதிக்கு மாற்றிய ஃபிலிப் லாம், அதுவரை ஃபுல் பேக்காகவே பெயர் பெற்றிருந்தவர். அவரும் உயரமானவர் அல்லர். 2024-25 பருவத்தில் லிவர்பூல் அணியின் பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட், முன்னேறி ஆடுபவராகவே பார்க்கப்பட்ட ரயான் கிராவன்பெர்க்கை அந்த இடத்தில் நிறுத்தினார். அணி லீக்கை வென்றது. எனவே உங்கள் அணியிலும் அந்த ஆள் இப்போது வேறோர் இடத்தில் ஆடிக்கொண்டிருக்கக்கூடும். அவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன்: பயிற்சி ஆட்டத்தில் பத்து நிமிடங்களுக்குப் பந்தைப் பார்க்காமல், ஒரே ஒரு வீரரை மட்டும் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாரா, எல்லோரும் முன்னால் ஓடும்போது ஓடாமல் நிற்கும் பொறுமை இருக்கிறதா, பக்கத்தில் இருப்பவரிடம் பேசி இடம் மாற்றச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். இந்த மூன்றும் உள்ளவருக்கு டேக்கிள் நுட்பத்தைக் கற்றுத்தர முடியும். டேக்கிள் மட்டுமே தெரிந்தவருக்கு இந்த மூன்றையும் பருவத்தின் நடுவில் கற்றுத்தருவது மிகக் கடினம்.

சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்) ஒருவரை முன்னால் நகர்த்தலாமே என்று தோன்றலாம். அவருக்கு ஈடாகப் பின்னால் நிற்க நல்ல மாற்று வீரர் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் ஓர் ஓட்டையை அடைக்க இன்னோர் ஓட்டையைத் திறந்தவர் ஆவீர்கள்.

இனி அமைப்புக்கு வருகிறேன். ஓர் ஆள் செய்ததை இருவர் பகிர்ந்துகொள்ளும்படி, நடுக்களத்தின் அடிப்பகுதியில் இரண்டு பேரை நிறுத்துங்கள். அவர்களுக்கான விதி ஒரே வரியில் இருக்க வேண்டும்: ஒருவர் முன்னால் போனால் மற்றவர் நடுவில் நிற்பார். ஃபுல் பேக்குகளுக்கும் அதே போன்ற விதி: பந்து இருக்கும் பக்கத்து ஃபுல் பேக் மேலே போகலாம், எதிர்ப்பக்கத்தவர் உள்நோக்கி நகர்ந்து, சென்டர் பேக்குகளோடு மூன்றாம் ஆளாக நிற்க வேண்டும். இப்படிச் செய்தால், நீங்கள் தாக்கும் எந்தக் கணத்திலும் பந்துக்குப் பின்னால் பின்வரிசையில் மூவரும் அவர்களுக்கு முன்னால் குறைந்தது ஒருவரும் இருப்பார்கள். தாக்குதலில் ஓர் ஆள் குறைவது உண்மைதான், முதல் சில வாரங்களில் நீங்கள் அடிக்கும் கோல்களும் சற்றுக் குறையலாம். அந்த விலையை இப்போது கொடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆட்டத்துக்கு மூன்று கோல் வாங்கும் அணி, மூன்று கோல் அடித்தும் வெல்ல முடியாது.

வரிசைகளுக்கு இடையிலுள்ள தொலைவையும் பாருங்கள். பழைய தடுப்பாளர் பெரும் பரப்பை ஓடி மூடியிருந்தால், பின்வரிசை ஆழத்தில் நின்றாலும் முன்வரிசை தொலைவில் நின்றாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது முன்னணித் தாக்காளருக்கும் கடைசிப் பின்கள வீரருக்கும் இடையே 30 முதல் 35 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. நாம் தாக்கும்போது சென்டர் பேக்குகள் துணிந்து மையக்கோடு வரை ஏறி வர வேண்டும். பின்னால் விடும் இடத்தைக் கவனிக்கக் கோல்கீப்பர் தன் எல்லையை விட்டு முன்னால் வந்து நிற்க வேண்டும். அமெச்சூர் அணிகளில் சென்டர் பேக்குகள் வேகமின்மைக்கு அஞ்சிப் பின்னாலேயே தங்கிவிடுகிறார்கள். அந்த அச்சம்தான் நடுவில் பெரிய வெற்றிடத்தை உருவாக்குகிறது. உங்கள் சென்டர் பேக்குகள் உண்மையிலேயே மெதுவானவர்கள் என்றால், அவர்களை ஏற்றுவதற்குப் பதிலாக, முன்களத்தவர்களைப் பத்து மீட்டர் இறக்கி அந்த இடைவெளியைக் குறையுங்கள்.

பயிற்சியில் இதற்கென ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடவையுங்கள். அரை மைதானத்தில் உங்கள் தாக்குதல் அணியைச் சேர்ந்த எட்டுப் பேர், ஆறு தடுப்பவர்களுக்கும் ஒரு கோல்கீப்பருக்கும் எதிராகத் தாக்கட்டும். மையக்கோட்டில் இரண்டு சிறிய கோல்களை வையுங்கள். தடுப்பவர்கள் பந்தைப் பறித்துவிட்டால், எட்டு வினாடிகளுக்குள் சிறிய கோல்களில் ஒன்றில் அடிக்க வேண்டும். அடித்தால் இரண்டு புள்ளிகள். தாக்கும் அணி அடிக்கும் கோலுக்கு ஒரு புள்ளிதான். இந்த ஏற்றத்தாழ்வு வேண்டுமென்றே வைக்கப்படுவது. தாக்கும்போதே பறிபோகும் கணத்தைப் பற்றி யோசிக்கும் பழக்கம், நீங்கள் கத்துவதால் அல்ல, புள்ளி இழப்பதால் வருகிறது. பந்து போனதும் அருகில் இருக்கும் இருவர் ஐந்து வினாடிகள் அழுத்தம் தர வேண்டும், மற்றவர்கள் நடுப்பகுதியை நோக்கிச் சுருங்க வேண்டும்; ஐந்து வினாடிகளில் பந்து கிடைக்காவிட்டால் எல்லோரும் பின்வாங்க வேண்டும். கோல்கீப்பரின் நீண்ட உதைக்கான முதல் மோதலில் சிதறி விழும் இரண்டாம் பந்தைக் கைப்பற்றுவதற்கும் பத்து நிமிடங்கள் ஒதுக்குங்கள். போனவர் அந்தப் பந்துகளை எவ்வளவு எடுத்திருப்பார் என்பது அவர் இல்லாதபோதுதான் தெரிகிறது.

அவர் எடுத்துச் சென்ற இன்னொன்று குரல். இளம் வீரர்களை எதிரணியினர் மிரட்டும்போது நடுவில் போய் நின்றது, நடுவரிடம் அளவாகப் பேசியது, 80ஆம் நிமிடத்துக்குப் பின் முன்னால் ஓடாதே என்று கத்தியது எல்லாம் அவராகவே இருந்திருக்கும். புதிதாக அந்த இடத்துக்கு வருபவர்மீது இதையும் ஏற்றாதீர்கள். இடம் பார்த்து நிற்கப் பழகுவதே அவருக்குப் போதுமான சுமை. குரலின் பொறுப்பை மூத்த சென்டர் பேக்குக்கும் கோல்கீப்பருக்கும் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள்.

முன்னேற்றத்தை முதல் நான்கைந்து ஆட்டங்களில் கோல் கணக்கைக் கொண்டு அளக்காதீர்கள். ஒரு தவறான உதையும் ஒரு நல்ல காப்பும் அந்தக் கணக்கைத் திரித்துவிடும். மாற்று வீரர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, எதிரணி வீரர் நம் பின்வரிசைக்கு முன்னால் பந்தைப் பெற்று, தடையின்றித் திரும்பிய தடவைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த எண் ஆட்டத்துக்கு ஆட்டம் குறைந்துவந்தால், கோல்களும் பின்னால் குறையும். நான்கைந்து ஆட்டங்களுக்குப் பிறகும் குறையவில்லை என்றால், அப்போது வெளியிலிருந்து ஆள் தேடுங்கள். சிட்டி 2025 பிப்ரவரியில் நிகோ கோன்சாலஸை வாங்கியது, லெஸ்டர் 2017 ஜனவரியில் வில்ஃப்ரெட் என்டிடியைக் கொண்டுவந்தது. பருவத்தின் நடுவில் ஆள் சேர்ப்பது தவறில்லை. ஆனால் அவரைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைக்கும்போது உங்கள் புதிய அமைப்பின் இருவரில் ஒருவராகவே நிறுத்திப் பாருங்கள். மோதல்களில் எத்தனை வென்றார் என்று எண்ணாமல், நம் அணி தாக்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.