ஐரிஷ் குழல்காரரின் பிழைப்பு: கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்தின் மரபுக் குழலை (ஃப்ளூட்) வாசித்தே பிழைக்க முடியுமா?

ஒரு சிலரால் முடிந்திருக்கிறது. மேட் மொலாய் முதலில் ஏர் லிங்கஸ் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அப்புறம் போத்தி பேண்ட், 1979இல் சீஃப்டன்ஸ் என்ற இசைக்குழுக்களோடு உலகம் சுற்றினார். அவரே வெஸ்ட்போர்ட் ஊரில் ஒரு பப்பும் நடத்துகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற பெரும்பாலோருக்குச் சோறு போட்டது வேறு வேலைதான். இசையில் ஓரளவு நிலையான வரும்படி கற்றுக்கொடுப்பதில்தான் கிடைக்கும்.

கேள்வி: அப்படி வாழ்ந்த ஒருவரைச் சொல்லுங்களேன்.

இரண்டு பேரைச் சொல்கிறேன். ஜாக் கோயன், மைக் ராஃபர்ட்டி. இருவரும் அயர்லாந்தின் கிழக்கு கால்வே பகுதிக்காரர்கள். இருவரும் 1949இல் அமெரிக்காவுக்குப் போனார்கள். கோயனுக்கு ரயில்வே வேலை, நியூயார்க்கின் பிராங்ஸில் குடியிருப்பு. அங்கே அவரிடம் கற்ற சிறுமி ஜோனி மேடன் பின்னால் செரிஷ் த லேடீஸ் என்ற பெண்கள் இசைக்குழுவின் தலைவியானார். ராஃபர்ட்டி நியூ ஜெர்சியில் குடும்பப் பாரத்தில் சில காலம் வாசிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, மறுபடி எடுத்தவர். 2004இல் வந்த அவருடைய தனி ஆல்பத்தின் பெயர் 'ஸ்பீட் 78'. பழைய இசைத்தட்டு நிமிடத்துக்குச் சுற்றும் வேகமும் அதுதான், அவர் வயதும் அதுதான்! அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரிய விருது கோயனுக்கு 1991இலும் ராஃபர்ட்டிக்கு 2010இலும் கிடைத்தது. என்னைக் கேட்டால், இவர்கள் வளர்த்துவிட்ட பிள்ளைகள்தான் பெரிய சாதனை.

கேள்வி: வகுப்பில் என்னதான் சொல்லித்தருவார்கள்? நோட்டேஷன் உண்டா?

பெரும்பாலும் காதால்தான். ஆசிரியர் ஒரு துண்டு வாசிப்பார், எல்லோரும் திருப்பி வாசிப்பார்கள், அடுத்த துண்டு. மெட்டு வந்ததும் அலங்காரம். 'ரோல்' என்று ஒன்று உண்டு: ஒரே சுரம் மூன்று தடவை ஒலிக்கும். இடையில் மேல்விரல் ஒன்று சட்டென்று தூக்கி இறங்கும். அடுத்து கீழ்விரல் ஒன்று துளையைத் தட்டி விலகும். நாக்குக்கு அதில் வேலையே இல்லை.

இன்னொன்று மூச்சு. ரீல் நடன மெட்டு நிற்காமல் ஓடும், மூச்சு இழுத்துவிட இடமே கிடையாது. அதனால் ஒரு சுரத்தை விட்டுவிட்டு அங்கே மூச்சு வாங்க வேண்டும். எதை விடலாம், எதை விட்டால் மெட்டு நொண்டும் என்பதில்தான் நல்ல வாத்தியார் யாரென்று தெரியும். அடுத்த சுற்றில் வேறு இடத்தில் விடச் சொல்வார்.

கேள்வி: சான்றிதழ் அவசியமா?

ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அவசியமில்லை. வேண்டுமென்றால் மரபிசை ஆசிரியர்களுக்கு கோல்டஸ் என்ற ஐரிஷ் மரபிசை அமைப்பு நடத்தும் பட்டயம் இருக்கிறது. லிமெரிக் பல்கலைக்கழகத்தில் பட்டமே படிக்கலாம். ஆனால் 1973 முதல் அயர்லாந்தின் மில்டவுன் மால்பே ஊரில் ஜூலைதோறும் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளியில் கற்பிக்க அழைப்பு வந்தால், அதற்கு இருக்கும் மதிப்பே தனி. காலையில் வகுப்பு, ராத்திரி பப்பில் மாணவர்களோடு சேர்ந்தே வாசிப்பு.

கேள்வி: ஐரிஷ் குழல் மூங்கில் குழலா?

இல்லை, பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரம். விரல் வைக்க ஆறு துளை.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

முதலில் டி சுருதி டின் விசில் (நுனியில் ஊதும் சின்ன உலோகக் குழல்) ஒன்று வாங்குங்கள். விலை குறைவு, விரல் வைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. குழலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.