கர்ப்பமாக இருக்கும் தங்கையை மாப்பிள்ளை அடிக்கிறார். “பிள்ளை பிறந்தால் மாறிவிடுவான்” என்கிறார்கள். உண்மையா, அண்ணனாக நான் என்ன செய்வது?

கேட்டிருப்பவரின் தங்கைக்கு ஐந்தாம் மாதம். மாப்பிள்ளை குடித்துவிட்டுத்தான் அடிக்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். போலீசுக்குப் போனால் பெண்ணின் வாழ்க்கை போய்விடும் என்று அம்மா தடுக்கிறாராம்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளை முகத்தைப் பார்த்துக் கை அடங்கிய ஆளை நான் பார்க்கவில்லை, தம்பி. அடங்கியவர்கள் இருக்கிறார்கள், பெண்ணுக்குப் பின்னால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அடங்கியவர்கள். மற்றவர்கள் பிரசவத்துக்குப் பிறகும் அடித்தார்கள். பிறந்தது பெண் பிள்ளை என்றால் அதற்கும் சேர்த்து.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு கர்ப்பத்தின்போது அடிபட்டதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் 3.1 சதவீதம். குறைவாகத் தெரியும். அதே கணக்கெடுப்பில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 14 சதவீதம்தான். சொந்த அம்மாவிடமே சொல்லாதவள், வீட்டுக்கு வந்த கணக்கெடுப்புக்காரரிடம் எவ்வளவு சொல்லியிருப்பாள் என்று நீங்களே யோசியுங்கள்.

எங்களிடமும் நேராகச் சொல்ல மாட்டார்கள். “பாத்ரூம்ல வழுக்கிட்டேன் நர்சம்மா” என்பார்கள். பி.பி. பார்க்கக் கையை நீட்டச் சொன்னால் ரவிக்கைக் கைக்கு மேலே விரல் பதிந்த தடம் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கும், எடை ஏறாது. கேட்கிற கேள்விக்கெல்லாம் கூட வந்தவர் பதில் சொல்வார். மூத்திரம் பிடித்துவரச் சொல்லி அனுப்பிவிட்டு நானும் பின்னாலேயே போவேன். அவள் தனியாகக் கிடைப்பது அந்த நேரம் மட்டும்தான். “வீட்ல யாராவது அடிக்கிறாங்களா?” என்று பட்டென்று கேட்டால் பெரும்பாலும் கண் கலங்கிவிடும். கூட வருகிற மாமியார் எல்லாரும் எதிரி என்றும் நினைக்க வேண்டாம். “எம் பையன் கை சரியில்ல, நீங்களாவது கேளுங்க” என்று மருமகளைக் கூட்டிவந்த மாமியாரையும் எனக்குத் தெரியும்.

நீங்களும் தங்கையைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். போனில் ஸ்பீக்கர் போட்டிருக்கலாம், அதனால் ஆமாம், இல்லை என்று முடிகிற மாதிரி கேளுங்கள். ஸ்கேன் தேதிக்கு நீங்களோ அம்மாவோ துணைக்குப் போங்கள். கேட்டதும் கொதித்து மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிக்கப் போகாதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அதற்கான அடியும் அவளுக்குத்தான் விழும்.

வயிற்றில் அடியோ உதையோ பட்டிருந்தால், வலி இல்லையென்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரியக்கூடும், ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளேயே தேங்கும். வயிறு கல் மாதிரி இறுகினாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, உதிரம் பட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். தங்கைக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி வேண்டியிருக்கும், அதை டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

அங்கே இன்னொரு காரியம் இருக்கிறது. பல வழக்குகள் நிற்பதும் விழுவதும் அதில்தான். காயத்தோடு போனால் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்பார்கள், எப்படி அடிபட்டது என்று எழுதுவார்கள். அவள் வாயால் சொல்வதைத்தான் எழுதுவார்கள். “வழுக்கி விழுந்தேன்” என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், அடித்தார் என்று ஆறு மாதம் கழித்து நிரூபிப்பது பெரும்பாடு. கணவர் அடித்தார், இன்ன தேதி, இன்ன இடத்தில் என்று சொல்லச் சொல்லுங்கள். ஏ.ஆர். நகல், ஸ்கேன் ரிப்போர்ட், காயத்தின் போட்டோ எல்லாம் உங்கள் வீட்டில் இருக்கட்டும், அவள் பீரோவில் வேண்டாம்.

அம்மாவின் பயம் ‘கேஸ்’ என்ற வார்த்தையைப் பற்றியது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனுப் போட்டவுடன் மாப்பிள்ளையைப் பிடித்து உள்ளே தள்ள மாட்டார்கள். அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குப் பணம் கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். அவள் அதே வீட்டில் இருந்துகொண்டே இதைக் கேட்கலாம். உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், தற்காலிகமாகத் தங்கியிருக்கிற உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு அவன் ஊருக்கு அலைய வேண்டாம். மாவட்ட சமூக நல அலுவலகம் மூலம் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், அறிக்கை எழுதி மனுவுக்கு அவர் உதவுவார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. ராத்திரியில் அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181, அல்லது அவசர எண் 112.

அடி கடுமையாக இருந்தால் மகளிர் காவல் நிலையம்தான். கணவர் கொடுமைக்கான பிரிவு, முன்பு 498ஏ என்று சொன்னது, 2024 ஜூலை முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. அவள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால் 89-ஆம் பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகும். ஸ்டேஷனில் “சமாதானமா போங்கம்மா” என்று எழுதி வாங்கி அனுப்பப் பார்ப்பார்கள். அப்படியே ஆனாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

குடியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதற்கு ஒரு வார்த்தை. குடித்துவிட்டு டாஸ்மாக் வாசலில் போலீஸ்காரரை அடிக்கிறாரா மாப்பிள்ளை? இல்லையே. யாரை அடிக்கலாம் என்று அந்தப் போதையிலும் தெரிகிறது.

ஏழாம் மாத வளைகாப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை காத்திருக்காதீர்கள். ‘உடம்பு பலவீனம், டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார்’ என்று இப்போதே அழைத்து வாருங்கள். வளைகாப்புக்குச் சீர் போதவில்லை என்று அனுப்ப மறுத்த வீடுகளும் உண்டு. வரும்போது ஆதார், தாய்-சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்), வங்கிப் புத்தகம் எல்லாம் கையோடு வரட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் அவள் கணக்குக்குத்தான் வரும். ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று பாருங்கள். கணவரிடம் இருந்தால் அதை முடக்கிப் புதிது வாங்குங்கள். உங்கள் ஊர் செவிலியரிடம் பதிவை மாற்றிக்கொண்டால் மீதிப் பரிசோதனையும் தடுப்பூசியும் தடைபடாது.

இத்தனைக்கும் பிறகு அவள் “திரும்பிப் போறேன்ணா” என்று சொல்லலாம். நிறையப் பேர் போகிறார்கள். திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை அடிபடும்போது உங்களுக்குப் போன் வராது. போகிற ஊர் செவிலியரின் நம்பரை வாங்கி, விஷயத்தைச் சொல்லி வையுங்கள். பிரசவம் முடிந்து 42 நாள் வரை வீடு தேடிப் பார்க்கப் போவது அவர்கள் வேலை.