அணுக்கரு பாஸ்தா சிமுலேஷன்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: வெடித்த பெரிய நட்சத்திரத்தின் மிச்சமான நியூட்ரான் நட்சத்திரத்தின் மேலோட்டுக்குள் அணுக்கருக்கள் நூலாகவும் தகடாகவும் கிடக்கின்றன, அதற்கு அணுக்கரு பாஸ்தா என்று பெயர் என்கிறார்கள். யாரும் பார்த்ததில்லை, எல்லாமே கம்ப்யூட்டர் படம்தான். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இல்லை. நான் செல் சவ்வுகளுக்கு இதே வகைக் கணக்குப் போடுகிறவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் வடிவங்கள். அவை கம்ப்யூட்டரில் பிறந்தவை அல்ல. இயற்பியலாளர்கள் ராவன்ஹால், பெத்திக், வில்சன் மூவரும் 1983-இலேயே அவற்றைக் காகிதக் கணக்கில் காட்டிவிட்டார்கள். அணுக்கரு விசை பக்கத்தில் இருப்பதை இழுத்து ஒட்டவைக்கும், புரோட்டான்களின் மின் விலக்கம் தூரத்திலிருந்தும் தள்ளும். மேலோட்டின் அடியில், ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கோடி டன் என்ற அடர்த்தியில், இரண்டும் ஏறக்குறைய சமபலத்துக்கு வந்துவிடுகின்றன, அதனால் உருண்டையாகவே இருப்பது லாபமில்லை. ஆழம் கூடக்கூட உருண்டை, நூல், தகடு, அப்புறம் துளைகள் மட்டும் மிஞ்சிய திரள் என்று மாறுகிறது. இந்த வரிசையைப் பல விதமான கணக்குகள் தருகின்றன, அதை நான் சந்தேகப்பட மாட்டேன்.

சிமுலேஷனில் நடப்பது இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு கற்பனைப் பெட்டிக்குள் 51,200 நியூக்ளியான்களை (புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் பொதுப் பெயர்) போட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் இடையிலான விசையை எளிய சூத்திரத்தில் கொடுத்து, வெப்பநிலையை ஆற்றல் அலகில் 1 எம்இவி, அதாவது ஆயிரம் கோடி கெல்வினுக்கும் மேலே வைத்து நகரவிடுகிறார்கள். எலக்ட்ரான்கள் தனித்தனியாக இல்லை, அவை புரோட்டான்களின் விலக்கத்தைத் தூரத்தில் மங்கவைக்கும் ஒரு பின்னணி மட்டும். இந்த அடர்த்தியில் பெட்டியின் பக்கம் சுமார் 100 பெம்டோமீட்டர் (ஒரு பெம்டோமீட்டர் மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). வலது சுவரில் வெளியே போகும் துகள் இடது சுவரில் உள்ளே வரும். சிக்கலே அங்கேதான்: தகடுகளுக்கு இடையே இயல்பாக அமைய வேண்டிய தூரம் பெட்டியின் பக்கத்துக்குள் சரியாக அடங்காவிட்டால், தகடுகள் சாய்ந்தோ வளைந்தோ பெட்டிக்குத் தக்கபடி தங்களைப் பொருத்திக்கொள்ளும், படத்தைப் பார்க்கும் நாம் அதை நட்சத்திரத்தின் குணம் என்று எண்ணிவிடுவோம். சவ்வுக் கணக்கிலும் எனக்கு இது தினசரி வேலை, அளவு மாற்றி ஓட்டிப் பார்க்காமல் எந்த வடிவத்தையும் நான் ஏற்பதில்லை.

இன்னொன்று, உண்மையான மேலோட்டில் நூறு நியூக்ளியானுக்குச் சில புரோட்டான்கள்தான். பல சிமுலேஷன்களில் 30, 40 விழுக்காடு வைக்கிறார்கள், ஏனென்றால் புரோட்டான் குறைந்தால் அதே அமைப்பைப் பார்க்க மிகப் பெரிய பெட்டி வேண்டும். புரோட்டான் கூடுதலாக இருக்கும் சூப்பர்நோவாவுக்கு, அதாவது நட்சத்திர வெடிப்புக்கு, அது பரவாயில்லை. ஆறிப்போன நட்சத்திரத்துக்கு எண்களை அப்படியே எடுத்துப் போட முடியாது.

ஆனால் இந்தக் கணக்குகள் காகிதத்தில் வராத ஒன்றைக் கொடுத்தன: குறைபாடுகள், அதாவது வடிவத்தின் ஒழுங்கு உடையும் இடங்கள். இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஹோரோவிட்ஸ் குழு தகடுகளின் சிமுலேஷனை ஓட்டியபோது அடுத்தடுத்த தகடுகளைத் திருகுப் பாதைகள் இணைத்தன, பல மாடி வாகன நிறுத்தத்தின் சரிவுப் பாதை போல. செல்லுக்குள் புரதம் தயாராகும் சவ்வு அடுக்கான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் 2013-இல் கண்ட அதே அமைப்பு! நீளத்தில் லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம், விசைகளும் வேறு, வடிவம் மட்டும் ஒன்று. எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே இதனால்தான். அந்தத் திருகல்கள் எலக்ட்ரான்களைச் சிதறடிக்கும், மின்கடத்தலும் வெப்பக்கடத்தலும் குறையும், மேலோடு மெதுவாக ஆறும். ஆறுவதை எக்ஸ்ரே தொலைநோக்கியில் அளக்கலாம், எம்எக்ஸ்பி 1659-29 என்ற நட்சத்திரத்தின் தரவோடு 2015-இல் ஒப்பிட்டும் இருக்கிறார்கள்.

பாஸ்தா பற்றி 2018-இல் வந்த "எஃகைவிட 1000 கோடி மடங்கு வலிமை" செய்தியும் இந்த வகைக் கணக்குதான், 20 லட்சம் மணி நேரப் பிராசசர் வேலை. பாஸ்தா மிக வலிமையானது என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. துல்லியமான எண்ணை மட்டும், குறைந்த புரோட்டானோடும் இன்னும் பெரிய பெட்டியிலும் யாராவது ஓட்டும் வரை, தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.