இசை கேட்கும் அறை: ஒலியும் அழகும் – கேள்வி பதில்

வீட்டில் இசை கேட்பதற்கென்று ஓர் அறையை ஒதுக்கியவர்களும், கூடத்தின் ஒரு பகுதியையே அதற்குப் பயன்படுத்துபவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒலியைச் சரிசெய்யப் போய், குடும்பத்தினர் உட்காரும் அறை ஒலிப்பதிவுக் கூடம் போல் ஆகிவிடுமோ என்ற கவலை பெரும்பாலான கேள்விகளில் தெரிகிறது. அப்படி ஆக வேண்டியதில்லை. அறையில் எப்படியும் இருக்கப்போகும் சோபா, திரைச்சீலை, கம்பளம், புத்தக அலமாரி ஆகியவற்றின் கனத்தையும் இடத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதற்குமேல் வாங்க வேண்டியது மிகக் குறைவு.

கேள்வி: புதிதாகக் கட்டிய அறை. நீளம் 4 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், உயரம் 3 மீட்டர். தரையில் டைல்ஸ், சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. ஸ்பீக்கர்கள் நல்லவைதான், ஆனால் பாடும் குரல் தெளிவில்லாமல் குழம்புகிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறைக்குள் இருக்கும் மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எழுப்பிய ஒலி அடங்குவதற்கு எத்தனை விநாடி ஆகும் என்பது ஏறத்தாழ வந்துவிடும். உங்கள் அறை 42 கன மீட்டர். தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்து 73 சதுர மீட்டர். டைல்ஸும் பூச்சுச் சுவரும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்கு மேல் உறிஞ்சுவதில்லை. அதாவது, படும் ஒலி முழுவதையும் உறிஞ்சும் பரப்பாகக் கணக்கிட்டால் அவை 3 சதுர மீட்டருக்கும் குறைவே. ஆகவே ஒலி அடங்க 2 விநாடிக்கு மேல் ஆகும். பாடகர் ஒரு சொல்லை முடித்து அடுத்த சொல்லைத் தொடங்கிய பிறகும் முந்தைய சொல் அறையில் சுற்றிக்கொண்டிருப்பதால்தான் குரல் குழம்புகிறது. இந்த அளவுள்ள அறைக்கு 0.3 முதல் 0.5 விநாடி வரை பொருத்தமானது. 0.4 விநாடி வேண்டுமானால் சுமார் 17 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு தேவை.

இந்தச் சூத்திரத்தைக் கண்டவர் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் இன்னோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து, சிறிது சிறிதாக அடுக்கி, ஓர் ஆர்கன் குழலின் ஒலி அடங்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் அளந்தார். கட்டட ஒலியியல் என்ற அறிவுத்துறையே உட்காரும் மெத்தையை அளவுகோலாகக் கொண்டு பிறந்தது என்பதை, வீட்டுப் பொருட்களுக்கும் ஒலிக்கும் தொடர்பில்லை என்று எண்ணுபவர்களுக்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

உங்கள் அறைக்கு வருவோம். துணி உறையிட்ட மூவர் அமரும் சோபா, அடியில் தடித்த விரிப்புடன் கூடிய 2க்கு 3 மீட்டர் கம்பளம், ஒரு சுவர் முழுவதும் மறையும்படி மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரைச்சீலை ஆகிய மூன்றும் சேர்ந்தாலே, குரல் ஒலிக்கும் நடு அதிர்வெண்களில் தேவையின் பாதிக்கு மேல் நிறைவேறிவிடும். இவற்றை அமைத்த பின் ஒரு மாதம் கேட்டுவிட்டு, குறை இருந்தால் மட்டும், ஒலியை உறிஞ்சச் சுவரில் மாட்டும் ஒலித் தட்டிகளைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: நான்கு சுவர்களிலும் திரைச்சீலை மாட்டினேன். எதிரொலி போய்விட்டது. ஆனால் இப்போது பாட்டு உயிரற்று இருக்கிறது. பாஸ் (தாழ்ந்த ஒலி) மட்டும் திம்மென்று நிற்கிறது. பணத்தைச் செலவழித்துக் கெடுத்துக்கொண்டேனா?

கெடுத்துக்கொள்ளவில்லை, ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்திருக்கிறீர்கள். இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். என் முதல் அறையில் மெல்லிய திரைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்தபோது, மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படும் கூர்மையான ஒலி மங்கிவிட்டது. இடப்பக்கமான தொப்பியின் ஒலியோ முன்னைவிடப் பெரிதாகப் பரவியது. உண்மையில் தொப்பியின் ஒலி கூடவில்லை. அதற்குத் துணையாக நின்ற மேல் ஒலிகள் போய்விட்டதால் அது தனித்துத் தெரிந்தது.

காரணம் அலைநீளத்தில் இருக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெறும் 3.4 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 3.4 மீட்டர். துணியும் பஞ்சும் தம் துளைகளுக்குள் அசையும் காற்றை உராய்ந்தே ஒலியை வெப்பமாக மாற்றுகின்றன. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. அலைநீளத்தின் கால் பங்குத் தொலைவில்தான் அது மிகுதியாக அசைகிறது. 1,000 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தொலைவு 8.6 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 86 சென்டிமீட்டர். சுவரோடு ஒட்டித் தொங்கும் மெல்லிய துணியால் உச்ச ஒலிகளை மட்டுமே பிடிக்க முடிவதற்கு இதுவே காரணம்.

ஆகவே நான்கு சுவர்களில் இரண்டின் திரைகளைக் கழற்றிவிடுங்கள். மீதமுள்ளவற்றைக் கனமான, நெருக்கமாக நெய்த துணியாக மாற்றி, சுவரின் அகலத்தைப் போல் இரு மடங்கு துணி எடுத்து, சுவரிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி மாட்டுங்கள். ஆழ்ந்த மடிப்புகள் பார்வைக்கும் நிறைவாக இருக்கும். பாஸைத் திரை தீர்க்காது. அதற்கான வழியை அடுத்த பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் சோபா பின்சுவரை ஒட்டியிருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் பாஸ் முழங்குகிறது. எழுந்து அறையின் நடுவே வந்தால் பாஸே இல்லை. ஸ்பீக்கரில் பழுதா?

ஸ்பீக்கரில் பழுதில்லை, நீங்கள் அறையையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எதிரெதிரான இரு சுவர்களுக்கு இடையிலுள்ள தூரம் எந்த ஒலியின் அரை அலைநீளத்துக்குச் சமமோ, அந்த ஒலி அங்கே நிலையலையாக நின்றுவிடும். ஒலியின் வேகமான 343ஐ (விநாடிக்கு மீட்டர்) அந்தத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும்: 4 மீட்டருக்கு ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ், 3 மீட்டருக்கு 57. அந்த ஒலியின் அழுத்தம் சுவர்களில் உச்சமாகவும் நடுவில் மிகக் குறைவாகவும் இருப்பதால்தான், பின்சுவரில் முழக்கமும் நடுவில் வெறுமையும் உங்களுக்குக் கிடைக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறையில் மூன்று நிலையலைகளும் ஒரே அதிர்வெண்ணில் வந்து விழும். எனவே தேர்ந்தெடுக்க வாய்ப்பிருப்பவர்கள் கன சதுர அறையைத் தவிர்த்துவிடுங்கள்.

இதற்குச் செலவில்லாத மருந்து, நாற்காலியை நகர்த்துவது. பின்சுவரிலிருந்து அறை நீளத்தின் ஐந்தில் இரண்டு பங்குத் தூரத்தில் தொடங்கி, நன்கு பழகிய, பாஸ் சீராக ஏறி இறங்கும் ஒரு பாடலை ஓடவிட்டு, ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து கேளுங்கள். சுரங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். சோபாவை அவ்வளவு தூரம் முன்னே கொண்டுவர வீட்டில் இடமில்லை என்றால் அரை மீட்டராவது தள்ளுங்கள். சோபாவுக்குப் பின்னால் ஒரு தாழ்ந்த, நீண்ட மேசையைப் போட்டுவிட்டால், அது திட்டமிட்ட அமைப்பாகவே தோன்றும்.

அடுத்தது மூலைகள். மூன்று பரப்புகள் சந்திக்கும் மூலையில் எல்லா நிலையலைகளின் அழுத்தமும் உச்சத்தில் இருப்பதால், பாஸை உறிஞ்ச அதுவே சரியான இடம். தரையிலிருந்து கூரைவரை, குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ராக்வூல் எனும் பாறையிழைப் பஞ்சை அடைத்து, சுவரின் நிறத்திலேயே துணி போர்த்திய தூண்களை இரு மூலைகளில் நிறுத்தினால், பார்ப்பவர்கள் அவற்றைக் கட்டடத்தின் பகுதி என்றே கருதுவார்கள். இது ஒன்றுதான் நான் தயங்காமல் செலவழிக்கச் சொல்லும் பொருள்.

கேள்வி: பக்கச் சுவரில் ஓவியம் மாட்ட என் மனைவி விரும்புகிறார், நான் ஒலித் தட்டி மாட்ட விரும்புகிறேன். எதை எங்கே மாட்டுவது?

இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். நீங்கள் கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் மனைவி ஒரு கைக்கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, உங்கள் காது உயரத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கரின் முகம் தெரிகிறதோ, அங்கேதான் ஒலியும் பட்டுத் திரும்பி உங்களை அடைகிறது. பென்சிலால் அங்கே குறியிடுங்கள். அந்த இடத்தில் 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள சட்டத்தில் ராக்வூலை அடைத்து, மேலே ஓவியம் அச்சிட்ட காற்றுப் புகும் துணியைப் போர்த்தி மாட்டுங்கள். படத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும். அது மாட்டப்படும் இடத்தைக் கண்ணாடி தேர்ந்தெடுத்துவிட்டது. கண்ணாடி போட்ட சட்டகப் படங்களை மட்டும் அந்தக் குறியில் மாட்ட வேண்டாம். ஒலிக்கு அவை வெறும் சுவரேதான்.

கேள்வி: புத்தக அலமாரி ஒலியைச் சிதறடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற இயற்பியலாளர் 1975இல், எண் கோட்பாட்டின்படி ஆழம் மாறி மாறி வரும் பள்ளங்களைக் கொண்டு ஒலியைப் பல திசைகளிலும் சமமாகச் சிதறடிக்கும் அமைப்பை வகுத்துத் தந்தார். புத்தக அலமாரியில் அந்தக் கணக்கு இல்லை. ஆனாலும் பெரிதும் சிறிதுமான நூல்களை முன்னும் பின்னுமாக அடுக்கினால், தட்டையான சுவரைவிட அது மிக நல்லது. எல்லா முதுகுகளையும் ஒரே வரிசையில் இழுத்து நேராக்கிவிட்டால் மீண்டும் சுவராகிவிடும். உட்காரும் இடத்துக்குப் பின்னால், ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

கேள்வி: முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காது என்கிறார்கள்.

கேட்கும். ஒலி வெளியே போகாமல் தடுப்பது கனமும் காற்றுப் புகாத அடைப்பும்தான். இரண்டும் இவற்றில் இல்லை. அறைக்குள்ளும் பயனில்லை: தெர்மாகோலின் துளைகள் மூடியவை, காற்று உள்ளே போகாது, முட்டை அட்டை மிக மெல்லியது. இரண்டும் எளிதில் தீப்பற்றும். தயவுசெய்து ஒட்டாதீர்கள். கதவின் அடி இடுக்கை முதலில் அடையுங்கள்.

கேள்வி: சோபாவுக்கு முன்னால் கண்ணாடி டீப்பாய் இருக்கிறது. அதனால் பாதிப்பு உண்டா?

உண்டு. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவில் கிடக்கும் கண்ணாடி, நேரொலி வந்த ஓரிரு மில்லி விநாடிக்குள் இன்னொரு பிரதியை அனுப்பிக் குரலின் நிறத்தை மாற்றுகிறது. கேட்கும் நேரத்தில் ஓரமாக நகர்த்திவிடுங்கள், அல்லது தடித்த கம்பளியை மடித்து அதன்மேல் விரியுங்கள்; வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கேள்வி: வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்திருக்கிறது. பாடகர் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்தே கேட்கிறார்.

வலச்சுவரில் பட்டு வரும் ஒலிக்கு ஈடாக இடப்பக்கத்திலிருந்து எதுவும் வராததே காரணம். சபைன் ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னலை முழு உறிஞ்சலாகக் கணக்கிட்டார்; உங்கள் இடப்பக்கம் முழுவதும் அத்தகைய திறந்த சன்னல்தான். எனவே இடப்பக்கத்தை அடைக்க முயல்வதைவிட, வலச்சுவரில், முன்னே ஓவியம் பற்றிய பதிலில் சொன்ன கைக்கண்ணாடி காட்டும் இடத்தை நன்றாக உறிஞ்சவைத்து இரு பக்கமும் ஒத்துப்போகச் செய்யுங்கள். அதன் பிறகும் சிறிது சாய்வு இருந்தால் வலது ஸ்பீக்கரின் முகத்தை மட்டும் ஒரு விரற்கடை உள்நோக்கித் திருப்பிப் பாருங்கள். ஸ்பீக்கர்களை நீளச் சுவரிலிருந்து குறுகிய சுவருக்கு மாற்ற முடியுமானால் இன்னும் நல்லது. ஆனால் அதற்காகக் குடும்பத்தினர் நடக்கும் வழியை மறிக்க வேண்டாம்.

கேள்வி: தட்டியை நானே செய்யப்போகிறேன். எந்தத் துணி போர்த்துவது? பிறகு சுவரின் வண்ணத்தை அதன்மேல் பூசலாமா?

வண்ணம் பூசக் கூடாது. துளைகள் அடைபட்டு, செய்த வேலை வீணாகிவிடும். வண்ணத்தைத் துணியிலேயே தேர்ந்தெடுங்கள். கடையில் துணியை வாயருகே இறுக்கிப் பிடித்து ஊதிப் பாருங்கள்: மறுபுறம் வைத்த உள்ளங்கையில் மூச்சு தடையின்றிப் பட்டால் அந்தத் துணி போதும். மூச்சு திரும்பி உங்கள் முகத்திலேயே அடித்தால் அதை விட்டுவிட்டு அடுத்த துணியை எடுங்கள். ராக்வூலை வெட்டும்போது கையுறையும் முகமூடியும் அணிந்துகொள்ளுங்கள்; சட்டத்தின் பின்புறத்தையும் துணியால் மூடிவிட்டால் இழைகள் உதிராது.